சம்பந்தியோடு இலை பார்க்கப் போன ஞாயிறு

அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறு. குளிர்காலத்துக்காக இங்கிலாந்தில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்தள்ளி வைக்கும் நாள். கூடுதலாகக் கிடைத்த அந்த நேரத்தையும் நான் கவலைப்படுவதிலேயே செலவழித்தேன். பத்து மணிக்கு லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டு வாசலில் சம்பந்தியின் கார் வந்து நின்றது.

சம்பந்தி என்கிறேனே தவிர, கல்யாணம் தை மாதத்தில்தான். அவர் பெயர் குலசிங்கம். நான் குலம் அண்ணை என்று கூப்பிடுகிறேன். பாதி வாழ்நாளை ஜெர்மனியில் கழித்துவிட்டு, சில வருடங்களுக்கு முன் வால்தம்ஸ்டோவுக்குக் குடிவந்தவர். அவருடைய மகனும் என் மகளும் தாங்களே பேசி முடிவெடுத்துவிட்டார்கள். பையனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீடு எப்படிப்பட்ட வீடு? மனத்தில் பட்டதை என் பிள்ளை அங்கே வாய் திறந்து சொல்ல முடியுமா, அடங்கி ஒடுங்கித்தான் இருக்க வேண்டுமா? இது தெரியாமல் எனக்கு ஒரு மாதமாக நித்திரை இல்லை. சந்தித்த நேரமெல்லாம் இரு குடும்பமும் பலகாரத் தட்டைச் சுற்றியிருந்து சிரித்ததுதான் மிச்சம். அதனால், சில்டன் குன்றுகளில் இலை பழுத்திருக்கிறது, நாலு பேருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று அவர் கேட்டதும் உடனே தலையாட்டினேன். ஒரு நாள் முழுக்க ஒரே காரில் இருந்தால் மனிதரின் குணம் பிடிபட்டுவிடும் என்று நினைத்தேன்.

நான் முன்னால் அவர் பக்கத்தில். பின்னால் என் மனைவி வசந்தியும் அவருடைய மனைவி மலர் அக்காவும். எம்-40 நெடுஞ்சாலையில் ஏறி, ஸ்டோக்கன்சர்ச் வரை ஏறத்தாழ இருபத்தேழு மைல். அண்ணை அளவான வேகத்தில் அழகாக ஓட்டினார். அங்கே இறங்கி இப்ஸ்டன் வழியாகத் தெற்கே திரும்பியதும் உலகமே வேறாகிவிட்டது. இருபுறமும் பீச் என்னும் ஓங்கிய காட்டு மரங்கள். மேல் இலைகள் செம்பு நிறம், நடுவில் மஞ்சள், அடியில் இன்னும் பச்சை. வானத்தில் பருந்துகள் வட்டமிட்டன. தெருவில் நடுக்கோடு கிடையாது. எங்களுக்கு முன்னால் ஒரு சாம்பல் நிறக் கார் போய்க்கொண்டிருந்தது. டர்வில் கிராமம் தாண்டி ஹாம்பிள்டன் வரை அதன் பின்னாலேயே போனோம். அதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஹாம்பிள்டனில் இறங்கி நெடுநேரம் நடந்துவிட்டுத் தேநீர் குடித்தோம். ஒரு கோப்பை மூன்று பவுண்டு. பணம் கொடுக்க அண்ணையும் நானும் வழக்கம்போல் மல்லுக்கட்ட, அவரே வென்றார். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் இரண்டரைக்கு வெளிக்கிட்டோம். ஃபிங்கஸ்ட் பக்கமாகப் போனால் காடு இன்னும் வடிவு என்றார் மலர் அக்கா.

கிராமத்தைத் தாண்டியதும் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. கார் மெல்ல மெல்ல வலப்பக்கம் ஒதுங்கியது. குழிக்கு விலத்துகிறார் என்று நினைத்தேன். குழி ஒன்றும் இல்லை. கார் வலப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. லண்டனில் முன்னால் போகிறவனைப் பார்த்து ஓட்டலாம். இங்கே பார்க்க ஒரு வாகனமும் இல்லை. வலப்பக்கம் ஓட்டிப் பழகிய அவருடைய கை ஜெர்மனிக்குப் போய்விட்டது.

சொல்லலாம்தானே என்பீர்கள். பெண்ணைக் கொடுக்கப் போகிறவன், மாப்பிள்ளையின் தகப்பனிடம், அவருடைய மனைவிக்கு முன்னால், உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியவில்லை என்று எந்த வாயால் சொல்வது? நான் ஓட்டுகிறேன் என்று கேட்கவும் வழியில்லை; அவருடைய காப்புறுதியில் என் பெயர் கிடையாது. ஆகவே இடப்பக்கத்தில் நின்ற ஒரு மரத்தைக் காட்டி, என்ன சிவப்பு என்று வியந்தேன். அண்ணை அதைப் பார்க்கத் திரும்பினார். காரும் கூடவே இடப்பக்கம் வந்தது. அப்பாடா என்றிருந்தது. அடுத்த வளைவு முடிவதற்குள் மறுபடியும் வலப்பக்கம். நான் இன்னொரு மரத்தைக் காட்டினேன். பிறகு ஒரு வேலியை, ஒரு செம்மறியாட்டுக் கூட்டத்தை. காட்ட ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு குப்பைத் தொட்டியையும் காட்டினேன். பின்னால் பெண்கள் இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். காட்சியில் மயங்கிவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

தெரு பள்ளத்தில் இறங்கி வலப்பக்கம் சட்டென்று வளைந்தது. அந்த வளைவில், நேர் எதிரே, இரண்டு குதிரைகள்.

"லெப்ட்டுக்கு எடடா!" என்று கத்தினேன்.

அண்ணை ஒரே வெட்டில் இடப்பக்கம் எடுத்து, ஒரு வயலின் வாசல் படலையோடு ஒட்டி நிறுத்தினார். குதிரையில் இருந்த பெண்களில் ஒருத்தி, நாங்கள் நின்று வழிவிட்டதாக நினைத்தாளோ என்னவோ, கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணை எஞ்சினை நிறுத்தினார். உயிர் பிழைத்த சந்தோஷம் ஒரு நொடிதான். என்னைவிட ஆறு வயது மூத்த மனிதரை, சம்பந்தியை, 'அடா' போட்டுக் கூப்பிட்டுவிட்டேன். மகளின் கல்யாணம் இந்தப் படலையோடு முடிந்தது என்றே நினைத்தேன். வாய் தவறிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று உளறத் தொடங்கினேன்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "எப்ப கண்டனீங்கள்?" என்று கேட்டார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிட்ட உடனயே, அண்ணை."

"அப்ப அந்த மரங்கள்?"

உங்களை இடப்பக்கம் திருப்பத்தான் என்று ஒப்புக்கொண்டேன். அப்போது பின்னாலிருந்து மலர் அக்கா பேசினார். "நானும் கண்டனான். வீட்டு ஆக்கள் மட்டுமெண்டால் முதல் வளைவிலயே கத்தியிருப்பன். சம்பந்தியாக்களுக்கு முன்னால வேண்டாமெண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தனான்." வசந்தியும் கண்டிருக்கிறாள், பயத்தில் மலர் அக்காவின் கையைப் பிடித்தபடி இருந்திருக்கிறாள். நாலு பேரும் மரியாதை பார்த்தே சாகப் போயிருக்கிறோம்.

அண்ணை ஸ்டியரிங்கில் இருந்த கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை.

"நாளைக்கு என்ர பெடியன் உங்கட பிள்ளைக்கு ஒரு பிழை விட்டாலும், எனக்கு மரத்தைத்தான் காட்டுவியளோ?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இல்லை அண்ணை, சொல்லுவன் என்றேன். பிள்ளையையும் சொல்லச் சொல்லுங்கோ என்றார் அவர். பிறகு காரை எடுத்தார். நெடுஞ்சாலை வரும்வரை ஒவ்வொரு திருப்பத்திலும் மலர் அக்கா பின்னாலிருந்து கட்டளை போட, அவர் ஓம் ஓம் என்று கேட்டு ஓட்டினார். வெளியே இலைகள் கொட்டிக்கொண்டிருந்தன. ஒருவரும் அவற்றைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. மகள் கதவைத் திறந்து, இலையெல்லாம் எப்படி இருந்தது அப்பா என்று கேட்டாள்.

"நான் வடிவாப் பார்க்கேல்லை, பிள்ளை," என்றேன். "ஆனால் அந்த வீட்டில பிழையைப் பிழை எண்டு சொல்லலாம். பயப்பிடாமல் போ."