நூறுமீட்டர்காரியின் நாற்பதாவது எண்ணிக்கை

அவள் பெயர் என் காதில் விழுவதற்கு முன்னால் பட்டப்பெயர்தான் விழுந்தது. என் வீட்டுக்காரரின் தங்கை, அதாவது என் நாத்தனார், ஒரு மத்தியானம் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் சமையலறைக்குள் வந்து நின்றாள்.

"பெரியண்ணி, விஷயம் தெரியுமா? சின்னண்ணன் நூறுமீட்டரைக் கட்டிக்கப் போறானாம்."

"எதைடி கட்டிக்கப் போறான்? கயிறா?"

"கயிறா இருந்தா துணியாவது காயப் போடலாம். இவ பொம்பளை. கடற்கரையில ரெண்டு கம்பத்துக்கு நடுவுல குனிஞ்சுகிட்டே குப்பை எண்ணுவாளே, அவதான். ஊரே அவளை நூறுமீட்டர்னுதான் கூப்பிடுது."

கூப்பிட ஆரம்பித்ததே இவள்தான் என்று பிறகு தெரிந்தது. நாத்தனார் கடற்கரையில் ஜூஸ் கடை போட்டிருந்தாள். புருஷனோடு ஒத்துவராமல் இரண்டே வருஷத்தில் திரும்பி வந்து, அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டவள். மாமியார் போன பிறகு அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். சின்னண்ணன் என்றால் என் கொழுந்தன், என் வீட்டுக்காரருக்கு அடுத்தவன். கடற்கரையில் குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவன். நாற்பதைத் தொட்ட பிறகு அவனுக்குத் திடீரென்று கல்யாண ஆசை வந்ததற்கு நான் ஒரே காரணம்தான் சொல்வேன். மாமியார் செத்து ஆறு மாதமாகியிருந்தது, அறுபது குடைத் துணியைத் துவைக்க வீட்டில் ஆளில்லை.

அவளுடைய வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. கரை ஆபீஸ் என்று ஒன்று உண்டு. கடலும் மனிதர்களும் மணலில் எவ்வளவு குப்பை போடுகிறார்கள் என்று பருவத்துக்குப் பருவம் கணக்கெடுப்பது அவர்கள் வேலை. கடற்கரையில் ஓரிடத்தில் நூறு மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் ஆரஞ்சுக் கம்பம் நட்டிருந்தார்கள். வருஷத்துக்கு நாலு தடவை, பருவம் மாறும்போது, அவள் அந்த நூறு மீட்டரை அலை ஓரத்திலிருந்து சுவர் வரை நடந்து, கிடக்கிற ஒவ்வொன்றையும் எண்ணித் தாளில் எழுத வேண்டும். மூடி எத்தனை, புட்டி எத்தனை, கயிறு எத்தனை, ரப்பர் செருப்பு எத்தனை. சிக்கிக் கிடக்கும் வலை எவ்வளவு பெரிதானாலும் ஒன்றுதான். எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அடுத்த எண்ணிக்கை வரை, அந்த இரண்டு கம்பத்துக்கு நடுவில் யாரும் துடைப்பம் போடக் கூடாது. வெளியாள் கைபட்டால் அந்தத் தடவை எண்ணிக்கை ரத்து.

ஆக, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பளிச்சென்று மணல், நடுவில் மட்டும் மூன்று மாதக் குப்பை. அதன் எண்ணிக்கையைக் கடற்கரை வாசலில் பலகையில் வேறு எழுதி வைப்பார்கள். வருகிறவர்கள் படித்துவிட்டு முகம் சுளிப்பார்கள். கொழுந்தனுக்கு நூறு மீட்டர் நீளத்துக்குக் குடை போட முடியாத வயிற்றெரிச்சல். "நீ எண்ணாம இருந்தா யாருக்குடி தெரியப் போகுது, குப்பை இருக்குன்னு?" என்று கல்யாணமான வாரமே கேட்டானாம்.

அவள் வாயாடி இல்லை. ஒல்லியான உடம்பு, வெயிலில் கருத்த கழுத்து, குனிந்து குனிந்து கொஞ்சம் முன்னால் வளைந்த முதுகு. எனக்கு ஓரகத்தி முறை. என்னை அக்கா என்பாள். கண் மட்டும் சும்மாவே இராது. என் வீட்டுக்கு வந்தால் தேநீர் குடிப்பதற்குள் அலமாரியில் எத்தனை தம்ளர் என்று சொல்லிவிடுவாள்.

குழந்தை தங்கவில்லை. இரண்டு தடவை உண்டாகி இரண்டு தடவையும் போயிற்று. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒன்பதாம் நாள் எண்ணிக்கைக்குப் போனாள். அன்றைக்கு நாத்தனார் கடை வாசலில் நின்று, வருகிறவன் போகிறவன் காதில் விழும்படி சொன்னாள்: "மத்தவங்க பெத்து எண்ணுவாங்க. எங்க அண்ணி பொறுக்கி எண்ணுறாங்க." ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் சிரித்தார்கள். அவள் நிமிரவே இல்லை. அன்று எழுதிய தாளில் ஒரு மூடிகூடத் தவறவில்லை என்று ஆபீஸில் சொன்னார்களாம்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் நாத்தனார் கடைக்கு மேசை வேண்டியிருந்தது. கொழுந்தன் மரக்கடைக்குப் போகவில்லை, பலகை வாங்கவில்லை. என் ஓரகத்தி படுக்கிற அறையின் கதவைக் கழற்றி, நாலு கால் அடித்துக் கொடுத்துவிட்டான். வாசலில் கிழிந்த குடைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் துணி மாற்றினாலும் அழுதாலும் நாத்தனார் பாட்டுக்குத் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே வருவாள், அங்கே அடுக்கியிருக்கும் நாற்காலியை எடுக்க என்று. கதவு கேட்டதற்கு, "உள்ள என்ன புதையலா இருக்கு?" என்றான் புருஷன்.

கரை ஆபீஸில் ஒரு விதி. தற்காலிக ஆளாக இருப்பவர்கள் நாற்பது எண்ணிக்கையை, அதாவது பத்து வருஷத்தை, ஒன்றுகூட ரத்தாகாமல் முடித்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் ஆபீஸுக்குப் பின்னால் உள்ள வரிசை வீடுகளில் இரண்டு அறை கொடுப்பார்கள். காலியாக இருந்த ஒன்றை அவள் ஒருதடவை போய்ப் பார்த்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குக்கா. நல்ல கெட்டித் தாழ்ப்பாள். போட்டுப் பார்த்தேன்."

"அவன் வருவானா அங்க?"

"நான் கூப்பிட்டாத்தானேக்கா வருவார்."

அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்போது முப்பத்தாறு எண்ணிக்கை முடிந்திருந்தது.

நாற்பதாவது எண்ணிக்கை குளிர் முடிந்து வெயில் காலம் ஆரம்பிக்கிற வாரத்தில் வந்தது. கடைசி என்பதால் ஆபீசரே வந்து கூட எண்ணுவார், காலை பத்து மணிக்கு, தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்கு ஒரு பழக்கம். எண்ணிக்கைக்கு முந்தின நாள் சாயங்காலம் கையில் தாள் இல்லாமல் ஒருதடவை முழுக்க நடப்பாள். எது மணலில் பாதி புதைந்திருக்கிறது, எது பாசி மூடிக் கண்ணை ஏமாற்றும் என்று பார்த்து வைத்துக்கொள்வாள். அன்றும் நடந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் என் வாசலில் நின்று, "முந்நூத்திப் பன்னிரண்டுக்கா. நாளைக்கு நீங்களும் வாங்க" என்றாள்.

மறுநாள் ஆறு மணிக்குத் தேநீர்ப் பாத்திரத்தோடு நானும் போனேன். போய்ப் பார்த்தால், கரை முழுக்கத் தலை வாரி விட்டது மாதிரி கோடு கோடாகக் கிடக்கிறது. கம்பத்துக்குக் கம்பம் ஒரு துரும்பு இல்லை. தினம் கரையைச் சுத்தம் செய்யும் நகராட்சி டிராக்டர் ஓரமாக நிற்கிறது, பின்னால் மணல் வாரும் இரும்புச் சீப்பு, அதற்குப் பின்னால் குப்பை நிறைந்த பெட்டி. டிரைவர் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான். பத்து வருஷமாக முதல் கம்பம் வந்ததும் சீப்பைத் தூக்கி, அடுத்த கம்பம் தாண்டி இறக்குகிறவன்.

"என்னப்பா பண்ணி வெச்சிருக்க?" என்றாள். எனக்கு முன்னாலேயே அவள் வந்து நின்றிருந்தாள்.

"ஏன்க்கா? நேத்தே எண்ணி முடிச்சிட்டீங்களாமே. குடைக்கார அண்ணன்தான் சொன்னார், இனிமே நடுவுல விடாம இழுன்னு. நானும் பார்த்தேனே, நீங்க நடந்ததை."

"என் கையில தாள் இருந்துச்சா?"

"தாளை யாருக்கா பார்த்தா?"

அவள் மணலைப் பார்த்தபடி நின்றாள். நான் சொன்னேன், "ஆபீசருக்குப் போனைப் போடு. நடந்ததைச் சொல்லிடு."

"சொன்னா ரத்துக்கா. மறுபடியும் ஒன்னுலேர்ந்து. இன்னும் பத்து வருஷம் அந்த வீட்டுல." பிறகு டிரைவரிடம் திரும்பினாள். "பெட்டியைக் கொட்டு."

"எங்கக்கா?"

"இங்கதான். கொட்டிட்டுப் போ."

கொட்டிவிட்டுப் போனான். அந்தக் குவியல் அவளுடைய நூறு மீட்டர் குப்பை மட்டுமில்லை, முழுக் கரையின் குப்பை. அதற்குள் அவள் தன்னுடையதைத் தேட ஆரம்பித்தாள். எனக்கு முழங்கால் மடங்காது, குவியல் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தேன்.

"அந்தப் பச்சை மூடி இல்லக்கா, கடிச்ச தடம் இருக்குமே, அது. அந்தச் செருப்பு இடதுகால், கம்பத்துலேர்ந்து ஏழாவது அடியில கிடந்துச்சு. அந்தக் கயிறு நம்மது இல்ல, வெச்சிடுங்க."

நம்மது என்றாள். வாங்கிக்கொண்டு ஓடுவாள், குனிவாள், அது கிடந்த இடத்தில் கிடந்த மாதிரியே வைப்பாள். புதைந்திருந்ததைப் புதைப்பாள். புட்டியின் வாய் எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கம் திருப்புவாள். முழங்கை வரை நாற்றம். கண்ணாடித் துண்டு கிழித்து விரலில் ரத்தம், அதை மணலில் தேய்த்துவிட்டு அடுத்ததற்கு ஓடுவாள். காலை நடைக்கு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெரியவர், "ஏம்மா, படிச்ச பொண்ணு மாதிரி இருக்க, கடற்கரையில குப்பை போடறியே" என்று காறித் துப்பினார். அவள் அவருக்குப் பதில் சொல்ல நேரமில்லாமல் அடுத்த மூடிக்குப் போய்விட்டாள்.

ஒன்பதரைக்கு முடிந்தது. மணலில் சீப்புக் கோடுகளைக் காலால் கலைத்துவிட்டு, வேண்டாத மிச்சத்தைச் சாக்கில் கட்டிச் சுவருக்குப் பின்னால் தள்ளினோம். கை கழுவிக்கொண்டு, தாளும் பலகையுமாகக் கம்பத்தடியில் போய் நின்றாள். நான் ஒதுங்கிப் போய்ச் சுவர்மேல் உட்கார்ந்தேன்.

ஆபீசர் நல்ல மனிதர், மூக்குக்கண்ணாடி, மெதுவான பேச்சு. இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணினார்கள். ஒரு மணி நேரம். கடைசியில் தாளை ஒப்பிட்டார்கள். அவளுடையது முந்நூற்றுப் பன்னிரண்டு, அவருடையதும் முந்நூற்றுப் பன்னிரண்டு.

"முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லைம்மா" என்று கை கொடுத்தார். அந்தக் கையை விடுவதற்குள் அவருடைய போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தார். ஒருதடவை பார்த்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

நாத்தனார் கடையைத் திறக்க வந்தவள், திறக்காமல் தட்டி மறைவில் நின்று படம் பிடித்திருக்கிறாள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே எழுதியும் இருந்தாள்: 'குப்பை எண்ணுகிறவங்களே கொட்டுறாங்க, பாருங்க.' ஆபீசருக்கு ஒரே சமயத்தில் ஏழு பேர் அனுப்பியிருந்தார்கள். படத்தில் அவள் முழுசாகத் தெரிந்தாள். நான் குவியலுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் என் கை மட்டும்தான் தெரிந்தது.

அவள் நடந்ததைச் சொன்னாள், டிராக்டர் முதற்கொண்டு. அவர் டிரைவருக்குப் போன் போட்டார். "எனக்கு எதுக்குங்க வம்பு, புருஷன் பொண்டாட்டி விஷயம்" என்று அவன் வைத்துவிட்டான்.

"எண்ணிக்கை சரிதானே சார்? நீங்களும்தானே எண்ணினீங்க?" என்றாள்.

"சரிதான்மா. ஆனா நீ போட்டதை நீயே எண்ணினதா ஆயிடுச்சே. இன்னைக்குப் போட்டவ நேத்துப் போடலைன்னு நான் மேல என்ன எழுதறது?" பிறகு கேட்டார், "கூட ஒரு கை தெரியுதே, யாரு அது?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "யாருமில்ல சார்" என்றாள்.

நான் எழுந்து போகவில்லை. என் வீட்டுக்காரர் அந்த வருஷம்தான் தம்பியோடு கூட்டாகப் பணம் போட்டுப் புது நாற்காலிகளுக்குச் சொல்லியிருந்தார். உட்கார்ந்தேயிருந்தேன்.

நாற்பதாவது மட்டும் ரத்தாகவில்லை. நாற்பதையும் அடித்தார்கள். பத்து வருஷத் தாளிலும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அந்த இரண்டு அறை வேறொருவருக்குப் போயிற்று. நகராட்சி சும்மா இருக்குமா? கடற்கரையில் குப்பை கொட்டுகிறவர்களின் படத்தை வாசலில் வைக்க வேண்டும் என்று அப்போதுதான் தீர்மானம் போட்டிருந்தார்கள். முதல் படம் இவளுடையது. எண்ணிக்கை எழுதுகிற பலகையிலேயே ஒட்டினார்கள், கையில் பச்சை மூடியோடு குனிந்து நிற்கிற மாதிரி. வெயில் காலம் முழுக்க அது இருந்தது. வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கம்பம் இரண்டையும் பிடுங்கினார்கள். அந்த வாரமே கொழுந்தன் அங்கே பதினெட்டுக் குடை விரித்தான்.

நான் அவர்கள் வீட்டுக்குப் போய் அவனைக் கேட்டேன். "ஏன்ப்பா டிரைவர்கிட்ட அப்படிச் சொன்ன? எண்ணலைன்னு உனக்குத் தெரியாதா?"

"எண்ணின மாதிரிதான் இருந்துச்சு அண்ணி" என்றான், குடைக் கம்பியை நிமிர்த்திக்கொண்டே. பிறகு என்னைப் பார்த்தான். "அவ போய்ட்டா இவ்வளவு துணியையும் யார் துவைப்பா? நீங்க வர்றீங்களா?"

பக்கத்திலிருந்த நாத்தனார் சிரித்த சிரிப்பில் ஜூஸ் தம்ளர் கையிலிருந்து நழுவி உடைந்தது. "அண்ணி," என்று உள்ளே குரல் கொடுத்தாள், "வந்து எத்தனை துண்டுன்னு எண்ணுங்க."

அவள் வந்தாள். எண்ணவில்லை, கூட்டி அள்ளிக்கொண்டு போனாள். என்னைக் கண்டும் காணாததுபோல் போனாள். அதற்குப் பிறகு என் வீட்டுக்கு அவள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஓடிவிட்டது. இப்போது அவள் கடற்கரை ஹோட்டலின் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறாள். காலை ஏழு மணிக்குப் போய் மூன்று மணிக்கு வருகிறாள், வந்து குடைத் துணி துவைக்கிறாள். அதே வீட்டில்தான் இருக்கிறாள்.