கதவு நிலையில் இருந்த கோடுகள்

இது நடந்தது. எனக்கு இல்லை, எங்கள் பெயிண்டருக்கு. இருபது வருஷமாக என் வீட்டுக்கு அவர்தான் பெயிண்ட் அடிக்கிறார். ‘நாளைக்குக் கண்டிப்பா வந்துடறேன் சார்’ என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறொரு பொய் வந்து நான் கேட்டதில்லை.

எல்லாம் தங்குமிடத்தில் ஆரம்பித்தது. லீவுக்குத் தீம் பார்க் போவது என்று முடிவாகிவிட்டது. எங்கே தங்குவது என்பதில் அவர் குடும்பம் இரண்டுபட்டது.

“பார்க்குக்குள்ளயே ஓட்டல் இருக்குங்க. மூணு நாளைக்காவது அடுப்பு மூஞ்சில முழிக்காம இருக்கேனே” என்றாள் மனைவி.

பெயிண்டர் செல்போனில் ஒரு தனி வீட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க் மதிலுக்கு நேர் பின்னால் இருந்தது அது.

“இந்தச் சுவத்தைப் பாரு. ஒரு திட்டு இல்ல, ஒரு கொப்புளம் இல்ல. கைதேர்ந்தவன் அடிச்சிருக்கான்.”

“ஊருல எல்லாரும் மெத்தையைப் பாப்பாங்க, பாத்ரூமைப் பாப்பாங்க. நீங்க சுவத்தைப் பாருங்க! சீசன் நேரத்துல அந்த வீடு மட்டும் ஏன் காலியா கெடக்காம்?”

“நமக்காகத்தான்” என்று சிரித்தார் பெயிண்டர். பின்னால் இந்தச் சிரிப்புக்காக ரொம்ப வருத்தப்பட்டார்.

எட்டு வயது மகள் சிட்டுவுக்குத் தங்குமிடம் ஒரு பொருட்டே இல்லை. அவளுடைய கவலை வேறு. பெரிய ரோலர் கோஸ்டரில் ஏற நூற்றிருபது சென்டிமீட்டர் உயரம் வேண்டும். போன வருஷம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

மாலை 4:10. அந்தத் தனி வீட்டின் சாவியைக் கொடுக்க வந்த அம்மாள் வாசற்படியைத் தாண்டவில்லை. எட்டி நின்று நீட்டினாள்.

“ஆணி அடிக்காதீங்க. எதையும் சுரண்டாதீங்க.”

பெயிண்டரிடம் சுரண்டாதே என்பது பூனையிடம் பாலைப் பார்க்காதே என்பது மாதிரி.

சாமானை இறக்கியதும் படுக்கையறைக் கதவு நிலையில் சிட்டுவை நிறுத்தி அளந்தார். நூற்றுப் பதினெட்டு. உதடு பிதுங்கியது.

“அழாதடி. ஷூவுக்குள்ள அட்டை வெச்சுத் தர்றேன். அப்பா இருக்கேன்ல?”

சொல்லும்போதே அவருடைய கட்டைவிரல் நகம் தன்பாட்டில் நிலையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. எத்தனை பூச்சு என்று பார்க்கும் பழக்கம். வெள்ளை. அடியில் பச்சை. மறுபடி வெள்ளை. மொத்தம் ஐந்து பூச்சு. சுவருக்கு இரண்டுதான். ஒரே ஒரு நிலைக்கு மட்டும் எவனாவது ஐந்து முறை பெயிண்ட் அடிப்பானா?

ஐந்தாவதின் அடியில் பென்சில் கோடுகள். பக்கத்தில் எண்கள். 112. 115. 117. கடைசியாக 119.

அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பெயிண்டர் தூசியை ஊதிவிட்டு விளக்கை அணைத்தார். மனைவியிடம் சொல்லவில்லை. வீட்டைத் தேர்ந்தெடுத்தவர் ஆயிற்றே.

இரவு 9:40.

சர்ர்... சர்ர்...

மரத்தில் பென்சில் இழுக்கும் சத்தம். செல்போன் வெளிச்சத்தை நிலைமேல் அடித்தார். சுரண்டாத இடத்தில் ஒரு புதுக் கோடு. நூற்றுப் பத்தொன்பதரை. விரலால் தேய்த்தார். அழியவில்லை. தோலுக்கடியில் நரம்பு தெரிவதுபோல, அது பெயிண்டுக்கு உள்ளே இருந்தது.

சிட்டு தூக்கத்தில் முணுமுணுத்தாள்.

“ஒரு தடவைதான்... சரி...”

“யார்கிட்டடி பேசற?”

நல்ல தூக்கம்.

காலை 5:15. கோடு நூற்றிருபதில் இருந்தது.

பெயிண்டர் மூட்டையைக் கட்டினார். “நீ சொன்ன ஓட்டலுக்கே போயிடலாம்” என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டிராத மனைவி, காரணம் கேட்கவே மறந்துவிட்டாள்.

காலை 10:20. பார்க்குக்குள் மனைவி பைகளோடு நிழலில் உட்கார்ந்தாள். ரோலர் கோஸ்டருக்குப் போகும் வழியில் சிட்டு பாத்ரூம் போக வேண்டும் என்றாள். பெயிண்டர் வெளியே நின்றார். அண்ணாந்து ரோலர் கோஸ்டர் தூண்களின் பெயிண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கை வந்து அவர் கையைப் பிடித்தது. சிட்டுவின் மஞ்சள் கவுன். ஈரக் கை. ஜில்லென்று இருந்தது. தண்ணீரில் அளைந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

ரோலர் கோஸ்டர் வாசலில் அளவுகோலோடு நின்றவர் குனிந்து பார்த்தார்.

“நூத்திருபது. கரெக்டா இருக்கு. போங்க.”

அட்டை வேலை செய்துவிட்டது! பெயிண்டருக்குத் தலைகால் புரியவில்லை.

வண்டி மேலே ஏறியது. கவிழ்ந்தது. எல்லாரும் அலறினார்கள்.

பக்கத்து சீட்டில் மட்டும் சத்தமே இல்லை. முகத்தை முடி மூடியிருந்தது.

இறங்கியபோது கூட்டத்தில் கை நழுவியது. தேடினார். சிட்டு பாத்ரூம் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பயந்துவிட்டாள் என்று தூக்கிக்கொண்டார்.

அவள் கை சூடாக இருந்தது.

அன்றிரவே காய்ச்சல். ஊர் திரும்பி மூன்று நாள் அவள் பேசவே இல்லை.

நாலாம் நாள் மாலை அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று, தன் வீட்டுக் கதவு நிலையில் நிறுத்தி அளந்தார்.

நூற்றுப் பதினெட்டு.

“என்னடி இது? அட்டை வெச்சதுக்கு ரெண்டு சென்டிமீட்டரா ஏறுச்சு?”

“அட்டையைப் பாத்ரூம்லயே தூக்கிப் போட்டுட்டேன்பா. கால் வலிச்சுது.”

“அப்புறம் எப்படி ஏறின?”

“நான் ஏறலப்பா.”

பெயிண்டர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

“நான் வெளிய வந்தப்போ நீ அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டிருந்த. கூப்பிட்டேன். அவதான் திரும்பிப் பாத்தா.”

“எப்படி... பாத்தா?”

சிட்டு உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

பெயிண்டர் நிலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு முன் அவரே பூசிய நிலை. ஒரே பூச்சு.

விரலுக்கடியில் ஒரு கோடு.

தேய்த்தார்.

அழியவில்லை.

பக்கத்தில் எண் இருந்தது. 121.