சித்தப்பாவின் புளிப்பும் சித்தியின் மூக்கும்

சித்தப்பா இருபத்தேழு வருடமாக ஒரு ஹோட்டல் பாரில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறார். குடிக்கிற பழக்கம் இல்லை. கலந்த பானத்தை மூக்கருகே ஒரு முறை கொண்டுபோவார், பிறகு உறிஞ்சுகுழலின் நுனியை அதில் நனைத்து நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொட்டில் எலுமிச்சை நேற்று பிழிந்ததா, இன்று பிழிந்ததா என்று சொல்லிவிடுவார் என்பது எங்கள் குடும்பத்தின் பழைய பெருமை. வெளியாட்கள் கேட்டால் "ஹோட்டல்ல இருக்கார்" என்பதோடு நிறுத்திக்கொள்வதும் அதே குடும்பம்தான்.

கல்யாணமான முதல் வாரத்திலேயே சித்தி ஒரு சட்டம் போட்டாள். பாட்டில் எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது. அது உங்கள் வேலை, இது என் வீடு என்று சொன்னாளாம். அவரும் தாண்டவிடவில்லை. நான் ஆறு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, முதுகுப்பையோடு அவர்கள் வீட்டுப் பின்னறையில் வந்து விழுந்தபோது என் பையைக்கூடச் சித்தி திறந்து பார்த்தாள். துவைக்காத துணிதான் இருந்தது. அதற்கும் திட்டு விழுந்தது.

சித்தப்பா என்னை "ஊர்சுத்தி" என்றுதான் கூப்பிடுவார். நான் வந்த மூன்றாவது வாரம், மாடிப்படித் திருப்பத்தில் என்னை நிறுத்தி, ஒரு ஜின் பாட்டில் வாங்கிவர முடியுமா என்று கேட்டார். குரல் ஏதோ ஆளைக் கடத்தச் சொல்வதுபோல் இருந்தது.

பிறகு விஷயத்தைச் சொன்னார். மூன்று மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல் போகும்போது அவருடைய மூக்கையும் கொண்டுபோய்விட்டது, எந்த வாசனையும் தெரியவில்லை. டாக்டரிடமும் காட்டியாயிற்று. நாக்கில் புளிப்பு தெரிகிறது, இனிப்பு தெரிகிறது, கசப்பும் தெரிகிறது. ஆனால் அன்னாசியும் ஆரஞ்சும் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டால் எது என்ன பழம் என்றே தெரியவில்லை. இத்தனை நாள் கை பழக்கத்தில் ஓட்டிவிட்டார். இப்போது புது மேனேஜர் வந்திருக்கிறார். பாட்டில் ஜூஸ் கூடாது, புதுப் பழத்தில் புளிப்பாக ஒரு காக்டெயில் புதிதாகச் செய்துகாட்டுங்கள், சனிக்கிழமை நாலு மணி என்று கவுண்டர் ஆட்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். சரியாக வராதவர் ஸ்டோர் ரூமுக்குப் போக வேண்டியதுதான். ஹோட்டலில் பழகிப் பார்க்கலாம் என்றால், கூட வேலை பார்க்கும் நெட்டை பக்கத்திலேயே நிற்கிறான். இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான்.

"ஸ்டோர்ல அட்டைப்பெட்டிதான் இருக்கும், மனுஷங்க இருக்க மாட்டாங்க. என்னால முடியாது" என்றார்.

அவருக்கு செவ்வாய்க்கிழமை விடுமுறை. சித்தி சலவைக் கடையில் துணி வாங்கி வைக்கும் வேலை பார்க்கிறாள், ஐந்து மணிக்குத்தான் வருவாள். நாங்கள் பிளம்ஸ் பழமும் எலுமிச்சையும் முட்டையும் வாங்கிவந்து, சமையலறை மேடையில் பழைய துணியை விரித்துக் கடையைப் பரப்பினோம். அவர் பழத்தைக் கொட்டை நீக்கி நாலாக நறுக்கி, கனமான டம்ளரில் போட்டு மத்தின் காம்பால் நசுக்கினார். ஜின் இரண்டு பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, சர்க்கரைப் பாகு ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. எல்லாவற்றையும் ஷேக்கர் குவளையில் ஊற்றி மூடி, முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்கினார். நுரை கட்டியதும் ஐஸ் போட்டு மறுபடி குலுக்கினார். ஐஸ் முதலில் கடகடவென்று கத்தியது, போகப்போக சத்தம் மழுங்கியது. அந்த இடத்தில் நிறுத்தினார். காதும் கையும் அப்படியே இருந்தன. வடிகட்டி ஊற்றியபோது ரோஜா நிறத்தில் வந்தது, மேலே ஒரு விரல் உயரத்துக்கு வெள்ளை நுரை.

நான்தான் மூக்கு. எத்தனை துறைமுகத்தில், எத்தனை கடற்கரைக் கடையில் இந்த மாதிரி குடித்தவள் என்ற தெம்பில் ஒரு வாய் குடித்து, பிரமாதம் என்றேன். இரண்டாவதும் பிரமாதம். மூன்றாவதில் பாகைக் கூட்டியிருந்தார், அதுவும் பிரமாதம்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஊர்சுத்தி, உனக்கு எது குடுத்தாலும் நல்லாத்தான் இருக்கும். நீ ரயில்வே ஸ்டேஷன் டீயை ருசிச்சுக் குடிச்ச ஆளு."

நாலாவதை அவர் குலுக்கிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. மணி மூன்றரைதான். கடையில் இஸ்திரி இயந்திரம் பழுதாகி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சித்தி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை வாசலில் நின்று, மேடையைப் பார்க்காமல் மூக்கை மட்டும் லேசாகத் தூக்கினாள்.

"ஜின்னு. எலுமிச்சை. பிளம்ஸ்" என்றாள். "மாடிப்படியிலயே தெரிஞ்சுது."

சித்தப்பா ஷேக்கரைப் பின்னால் மறைத்தார். அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. நான் பழி என்மேல் வரட்டும் என்று வாயைத் திறந்தேன். சித்தி கையைக் காட்டி நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சண்டைக்கு உட்காருகிறவள் மாதிரி தெரியவில்லை.

"மூக்குக்காகத்தானே இதெல்லாம்?" என்று கேட்டாள்.

அவர் ஷேக்கரை மெதுவாக முன்னால் கொண்டுவந்து மேடையில் வைத்தார்.

"மூணு மாசமா என் சமையலை நீங்க ஒரு வார்த்தை கிண்டல் பண்ணல. போன மாசம் பருப்பை அடிபிடிக்க விட்டேன், சமத்தாச் சாப்பிட்டுட்டு எழுந்து போனீங்க. எனக்குத் தெரியாதாங்க? நீங்களா சொல்வீங்கன்னு காத்திருந்தேன். கடைசில இவகிட்டப் போய்ச் சொல்லியிருக்கீங்க."

சொல்லியிருந்தால் நீ பயந்துபோயிருப்பாய் என்று ஏதோ முணுமுணுத்தார். பயந்துகொண்டேதான் இருந்தேன், தனியாக, என்றாள் அவள். 

பிறகு சித்தி மேடையில் இருந்த கிளாஸை எடுத்தாள். குடிக்கவில்லை. மூக்கருகே பிடித்தாள், முகம் சுளித்தாள். பழத்தில் பாதி இன்னும் காய், பச்சை வாசனை அடிக்கிறது என்றாள். பாகு கொஞ்சம் தீய்ந்திருக்கிறது. நுரையில் முட்டைக் கவிச்சை, நிற்க நிற்க அதிகமாகிறது. நான் பிரமாதம் என்று சொன்ன அதே கிளாஸ்தான்.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சித்தப்பா. நிஜமாகவே திகைத்துப்போயிருந்தார்.

"இருபத்தேழு வருஷமா உங்க சட்டையை யார் துவைக்கறா? கைமடிப்புல மோந்தாலே அன்னிக்கு என்னென்ன கலந்தீங்கன்னு தெரியும். கூட்டமான நாள்னா அன்னாசி. கல்யாணப் பார்ட்டின்னா புதினா. என்னிக்காவது அவசரத்துல வேலை செஞ்சிருந்தா முட்டை வாடை வரும்." கொஞ்சம் நிறுத்தினாள். "மத்த நாள்ல உங்க நுரையில கவிச்சையே இருக்காது. என்னவோ ஒண்ணு செய்வீங்க, மேல எலுமிச்சை எண்ணெய் மாதிரி வாசனை வரும். அதை மறந்துட்டீங்க."

அவர் ஒரு எலுமிச்சையை எடுத்தார். தோலை நீளமாகச் சீவி, நுரைக்கு மேலே பிடித்து முறுக்கினார். கண்ணுக்குத் தெரியாத சாரல் ஒன்று நுரைமேல் விழுந்தது. இந்த வேலையை அவர் எப்போதும் மூக்கு சொல்லித்தான் செய்திருக்கிறார். கவிச்சை வந்தால் கை தானாகத் தோலைத் தேடும். மூக்கு சொல்லாததால் கைக்கும் நினைவு வரவில்லை. சித்தி மறுபடி முகர்ந்து, "இதான்" என்றாள்.

அதன்பின் எங்களை விரட்டத் தொடங்கினாள். இருக்கிற பழத்தையெல்லாம் காம்புப் பக்கம் முகர்ந்து இரண்டு கூறாகப் பிரித்தாள். பாகை நான் காய்ச்ச முன்வந்தபோது, அடுப்பிலே ஏற்றவே வேண்டாம், வெந்நீரில் கரை போதும் என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். புளிப்பும் இனிப்பும் எவ்வளவு என்பதில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அது அவர் நாக்கின் வேலை. ஏழாவது கிளாஸில் இருவருக்கும் திருப்தி வந்தது. பாட்டில்? சனிக்கிழமை வரைக்கும் இருக்கட்டும், ஜன்னலை மட்டும் திறந்து வை என்றாள்.

சனிக்கிழமை நான் பார் கவுண்டரின் கடைசி நாற்காலியில் எலுமிச்சை சோடாவோடு உட்கார்ந்திருந்தேன். சித்தி வர மறுத்துவிட்டாள். நெட்டை திராட்சையில் ஒன்று செய்துவைத்தான், சுமாராக வந்தது. சித்தப்பாவின் கிளாஸ் ரோஜா நிறத்தில் போனது, மேனேஜர் பாதி குடித்துவிட்டுத் தலையாட்டினார். அதோடு முடிந்திருக்கலாம். மேனேஜர் இரண்டு கூடை பிளம்ஸை எடுத்துக் கவுண்டர்மேல் வைத்தார். இரண்டு வியாபாரிகள் மாதிரிக்கு அனுப்பியிருக்கிறார்களாம், முகர்ந்து பார்த்து எது நல்லது என்று சொல்லுங்கள் என்றார்.

சித்தப்பா ஒரு பழத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை லேசாக மூடினார். அந்தப் பாவனையில் ஒரு குறையும் இல்லை. நிறத்தைப் பார்த்து ஏதோ ஒரு கூடையைக் காட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பழத்தைக் கீழே வைத்தார்.

"எனக்கு மூணு மாசமா வாசனை தெரியல சார். நீங்க குடிச்சதுல பழத்தைத் தேர்ந்தெடுத்தது என் வீட்டுக்காரி. மத்ததெல்லாம் நான்."

நெட்டை துடைத்துக்கொண்டிருந்த கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். மேனேஜர் மூக்கு திரும்ப வருமா என்று கேட்டார். வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னதை சித்தப்பா அப்படியே சொன்னார். மேனேஜர் மிச்சப் பாதியையும் குடித்துவிட்டு யோசித்தார். ஒரு மாதம் கவுண்டரிலேயே நில்லுங்கள், பார்ப்போம் என்றார். பழத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு யாராவது முகர்ந்து சொல்ல வேண்டும், ஊகித்துப் போடக் கூடாது.

ஐந்து மணிக்கு வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கினார்கள். முதல் பிளம்ஸை வெட்டியதும் சித்தப்பா அதை நெட்டையின் பக்கம் நீட்டி, உதடு அசையாமல் ஏதோ கேட்டார். பழுத்திருக்கு அண்ணே என்று அவனும் அதே குரலில் சொன்னான். இரண்டாவது பழத்துக்கு அவர் கொஞ்சம் நிமிர்ந்தார். நாலாவது பழத்தை நீட்டியபோது, முன்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே, "தம்பி, எனக்கு மூக்கு இல்ல, இதைப் பாரு" என்று அவர் சொன்னது கடைசி நாற்காலியில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.