பாரை மீன் ஆக்கிய தகப்பன்

ஓய்வு பெற்ற பிறகு, கல்முனைக் கடற்கரையில் மீனவர் யோகராசாவுக்கு நான் இயேசுவைப் பற்றிச் சொல்லிவருகிறேன். எந்த விண்ணப்பம் எந்த மேசையில் தேங்கும் என்று அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் எல்லாம் தெரிந்து வைத்திருந்த எனக்கு, இவர் எங்கே தேங்குகிறார் என்பது மட்டும் பிடிபடவில்லை. எதைச் சொன்னாலும் வலையிலிருந்து கண்ணெடுக்காமல், “ஓம் ஐயா, நல்ல கதை” என்பார். ஊதாரி மகனின் உவமைக்கும் அதே பதில்தான். வெள்ளிக்கிழமையானால் கோயிலுக்குப் போய்விடுவார்.

ஆலயத்துக்கு வருவாரா மாட்டாரா, இனியாவது நேரடியாகக் கேட்டுவிடுவோம் என்று ஒருநாள் எரிச்சலோடு அவர் வீட்டுக்குப் போனேன். தோணி இயந்திரத்தை விற்றுவிட்டுக் கொழும்புக்கு ஓடிய அவருடைய அக்காவின் மகன், தலைகுனிந்து வாசல் படலையடியில் நின்றான். உள்ளே யோகராசாவிடம் அக்கா கத்தினார்.

“அவன உள்ளுக்கு எடுக்கமாட்டன்!”

“கேளுகா அக்கா. ஒருத்தன்ட மகனும் இப்படித்தான், எல்லாத்தையும் அழிச்சிப்போட்டு வந்தவன். தகப்பன் ஏசினானா? ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சி, பாரை மீன் வாங்கி ஆக்கிக் குடுத்தான்.”

“ஆரு அந்த விசரன்?”

“தெரியா. ஐயா சொன்ன கதை.”

வேதத்தில் பாரை மீனல்ல, கொழுத்த கன்று. கோபித்துக்கொண்ட மூத்த மகனைக் காணவே இல்லை. இயேசுவின் பெயரும் இல்லை. திருத்துவதற்கு வாயெடுத்தேன். அதற்குள் அக்கா வெளியே வந்து மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

“மூஞ்சக் கழுவிட்டு வா. சோறு இருக்கு.”

யோகராசா இன்னும் எங்கள் ஆலயத்துக்கு வரவில்லை. பங்குச் சுவாமி கேட்டால் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. எரிச்சலும் தீரவில்லை. ஆனால் யாராவது வேதக் கதையைப் பிழையாகச் சொன்னால், இப்போதெல்லாம் அவர்கள் முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.