அடியில் கிடந்த விண்டோ

மனுக்களை வந்த தேதி வரிசையில் எடுக்க வேண்டும் என்பது அலுவலக நடைமுறை விதி. வேலையில் இருந்த காலமெல்லாம் அதை ஓதிவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன். என் மகளின் மனுவுக்கு மட்டும் அது பொருந்தாமல் போனது.

மகள் கிராம செவிலியர். வேலை அரியலூர்ப் பக்கம், வரதராஜன்பேட்டையில். வீடு அரும்பாவூரில், எங்களோடு. போய்ச் சேரவே பாதிப் பகல் ஆகும். மருமகன் வெளிநாட்டில். பிள்ளைக்கு வலிப்பு வரும். மருந்து கொடுக்க எனக்குத் தெரியும். ஆனால் தெளிந்து கண் விழித்ததும் அது தேடுவது என்னை அல்ல. அதனால் பெரம்பலூர் பக்கம் மாறுதல் கேட்டு எழுதினாள். அரியலூர் மாவட்டத்தை மறுபடி பெரம்பலூரோடு சேர்த்திருந்த சமயம்; இரண்டுக்கும் ஒரே ஆபீஸ், ஒரே கம்ப்யூட்டர்.

போய் விசாரித்தேன். கண்காணிப்பாளர் ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். மேசையில் கோப்பு அடுக்கிப் பழகிய கை. கம்ப்யூட்டரிலும் மனுவுக்கு ஒரு விண்டோ என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்துவைத்திருந்தார்கள். திறந்த விண்டோவை வேலை முடியாமல் மூடக் கூடாது, மேலே இருப்பதை முடிக்காமல் அடியில் இருப்பதைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார். புதிதாக வருவதெல்லாம் மேலே விழ, மகளின் மனு அடியில் போய்க்கொண்டே இருந்தது. மாலையில் கம்ப்யூட்டரை அணைப்பார்கள். காலையில் முந்தின நாள் அடுக்கு எப்படி இருந்ததோ அதே வரிசையில் திறந்துவைப்பார்கள். அதற்குள் டீ வந்துவிடும்.

கம்ப்யூட்டரில் இருந்த பெண் மெதுவாகச் சொன்னாள்: "சார், ரெண்டு பட்டனை அமுக்குனா அந்த மனு மேல வந்துடும்."

"அமுக்காதம்மா," என்றார் கண்காணிப்பாளர். "அடியில உருவுனா மேல இருக்கறது கலைஞ்சிடும்."

"கலையாதுங்க சார்."

"கலைஞ்சா நீ வந்து பதில் சொல்லுவியா? அண்ணே, முறைன்னு ஒண்ணு இருக்கு. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்ப்பா. முறைப்படி அவ மனுதான் முதல்ல வந்தது."

"வந்தது சரிண்ணே. இப்ப எங்க இருக்கு, அதைப் பாருங்க."

அடுத்த மழைக்காலத்தில், மகள் வேலைக்குப் போயிருந்தபோது, பிள்ளை வலிப்பில் நாக்கைக் கடித்துக்கொண்டது. அவள் வந்து பார்த்துவிட்டு ராஜினாமா எழுதினாள்.

"விட்டா திரும்பக் கிடைக்காதும்மா."

"தெரியும்ப்பா. போட்டுட்டு வாங்க."

ராஜினாமா கடைசியாகப் போனது. அதனால் மேலே விழுந்தது. அதனால் உடனே முடிந்தது. அந்த ஆபீஸில் அத்தனை வேகத்தை நான் கண்டதில்லை. அதன்பின் ஒரு வாரம் புதிதாக எதுவும் மேலே விழாமல், அடுக்கு அடிவரை முடிந்தது போலிருக்கிறது. மாறுதல் ஆணையும் வந்தது, அரும்பாவூருக்கே. வந்த நாள், அவள் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை.