பெல்ட்டில் போன கல்

முட்டி வலிக்கு மாடிப்படியே ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நான் என்னடான்னா தினமும் காலையில நிலக்கரிச் சுரங்கத்துக் கழிவு மேட்டுல ஏறிக்கிட்டிருக்கேன், பையில ஒரு கல்லோட. மேட்டுல கிடக்கறது பூரா கல்லு. அதுக்கு வீட்டுலேர்ந்து வேற ஒரு கல்லு! "அம்மாவுக்குத்தான் ஞாபகம் போச்சு, உங்களுக்கு என்னப்பா கேடு?"ன்னு எங்க பொண்ணு போன்ல திட்டறா.

என் வீட்டுக்காரி சுரங்கத்துல பெல்ட் வேலை பார்த்தவ. நாங்க கீழ வெட்டி அனுப்பற நிலக்கரி மேல பெல்ட்ல ஓடும். ரெண்டு பக்கமும் பொம்பளைங்க நின்னு, அதுல வர்ற கல்லைப் பொறுக்கி வீசணும். வீசின கல்லு சேர்ந்துதான் இந்த மேடு. கூட வேலை பார்த்தவங்க இவளை "பருந்து"ன்னுதான் கூப்பிடுவாங்க, அப்படி ஒரு கண்ணு. வீட்டுலயும் பருந்துதான். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே பொய்யைக் கண்டுபிடிச்சுடுவா.

ஒருநாள் பெல்ட்ல ஒரு கல்லு வந்துச்சாம். கறுப்புக் கல்லு மேல ஒரு கிளை அப்படியே இலை இலையாப் பதிஞ்சிருக்கு. எனக்குக் காட்டணும்னு எடுத்திருக்கா. மேஸ்திரி போட்ட சத்தத்துல பதறி, மத்த கல்லோட அதையும் வீசிட்டா. அன்னைக்கு அவளுக்குச் சாப்பாடே இறங்கல. "எந்தக் காலத்து மரமோ, நீங்க பார்க்காமலே போயிடுச்சே"ன்னு ஒரே புலம்பல்.

அதுலேர்ந்து லீவு விட்டா மேடுதான். சுத்தியலும் உளியுமாப் போவா. கல்லுல வரி ஓடற பக்கமாத் தட்டினா ரெண்டாப் பிரியும். உள்ள இலை இருந்தா உண்டு, இல்லேன்னா இல்ல. பெரும்பாலும் இல்ல. ஜன்னல்ல, கட்டிலுக்கு அடியில, எங்க பார்த்தாலும் கல்லு. வேலையை விட்ட பிறகு ஒருநாள் அந்தக் கிளைக் கல்லு கிடைச்சே போச்சு. அதேதானா, அது மாதிரி வேறயான்னு யாரு கண்டா? அதேதான்னு அவ சத்தியம் பண்ணினா, நானும் தலையாட்டினேன்.

அப்புறம்தான் ஞாபகம் போக ஆரம்பிச்சுது. முதல்ல பேரெல்லாம் போச்சு, அப்புறம் வழி, அப்புறம் நான். என்னை இப்ப "அண்ணே"ங்கறா. கட்டின புருஷன் இதுக்குச் சிரிக்கறதா, அழறதா? கல்லு கிடைச்சதையும் மறந்துட்டா. தொலைச்சது மட்டும் மறக்கல. கையில எடுத்துக் குடுத்தா, "இது உங்க வீட்டுக் கல்லு. என்னோடது மேட்டுல கிடக்கு"ன்னு தள்ளி விடறா. கூட்டிட்டுப் போகலேன்னா கதவைப் போட்டு இடிப்பா, மாவு டப்பாவைக் கொட்டிக் கவுப்பா. முடியலடா சாமி.

அதனாலதான் இந்தத் திருட்டு வேலை. அவ குனிஞ்சு தேடறப்ப, நாலடி முன்னாடி போய்க் கல்லை வெச்சுடுவேன். எடுத்ததும் அவ முகத்தைப் பார்க்கணுமே! நெஞ்சோட அணைச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்து தலகாணிக்கு அடியில வெச்சுக்குவா. அன்னைக்குப் பூரா வீடு அமைதியா இருக்கும். மறுநாள் காலையில அதை உருவி எடுத்து, திரும்பப் பையில போட்டுக்குவேன்.

ஆனா இந்தக் கல்லுக்கு ஈரம் ஆகாது. நனைஞ்சு காஞ்சா ஏடு ஏடா உரிஞ்சுடும். மழை தொடங்கினதுலேர்ந்து கிளையில ஒவ்வொரு இலையாப் போய்க்கிட்டிருந்துச்சு. இது போனா அவளை என்ன சொல்லித் தேத்தறது?

நேத்து மேட்டு உச்சியில பையைத் திறந்தா, உள்ள வெறும் பொடி. அப்படியே உக்கார்ந்துட்டேன். அவ பாட்டுக்குத் தேடறா. தூறல் வேற. எப்படிக் கீழ கூட்டிட்டுப் போகப் போறேன்னு தெரியல.

"கிடைச்சிருச்சு!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். கிளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு சில்லு, அதுல கட்டைவிரல் அளவுக்கு ஒத்தை இலை. ஆனா முகம் அதே முகம். அடக் கடவுளே, எந்த இலையா இருந்தாலும் போதும்னு தெரியாம மாங்கு மாங்குன்னு சுமந்திருக்கேனே! எனக்குச் சிரிப்பு தாங்கல.

அவ சிரிக்கல. கல்லைத் துடைச்சு என்கிட்ட நீட்டினா.

"அண்ணே, எனக்குக் கால் ஓஞ்சு போச்சு. எங்க வீட்டுக்காரர் ஷிப்ட் முடிஞ்சு மேல வருவாரு, அவர்கிட்ட இதைக் குடுத்துடுங்க. அவருக்குக் காட்டத்தான் இவ்வளவு நாளாத் தேடினேன்."

"குடுத்துடறேம்மா"ன்னேன்.

"மறந்துடாதீங்க"ன்னா.