இளநீரைப் பிடிக்கும் காகிதம்

என் வேலை என்ன என்று வீட்டில் விளக்கப் பலவிதமாக முயன்று தோற்று, கடைசியில் வளையலில் வந்து நின்றேன். கிரீட ஈதர் என்பது வளையம் போன்ற ஒரு மூலக்கூறு. அதன் ஆக்சிஜன் அணுக்கள் உள்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் ராஜாவின் கிரீடம் மாதிரி தெரிவதால் அந்தப் பெயர். எந்த வளையம் எந்த உலோக அயனியைப் பிடிக்கும் என்பது பெரும்பாலும் அளவைப் பொறுத்தது. கை பெருத்தால் வளையல் ஏறாது, சிறுத்தால் கழன்று விழும். நான் செய்யும் வளையத்துக்குப் பொட்டாசியம் கச்சிதம். அதைப் பிடித்ததும், வளையத்தோடு கோத்திருக்கும் சாயம் மஞ்சளிலிருந்து சிவப்பாகிவிடும். சாயத்தைக் காகிதத்தில் ஏற்றி, மாமல்லபுரம் பக்கத்து வயல்களின் உரத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

"மொத்தத்துல வளையல் கட வச்சிக்கீற" என்றார் அப்பா.

அப்பா ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சிறுநீரகங்களும் பாதி ஓய்வில் இருக்கின்றன. உடம்பில் சேரும் பொட்டாசியத்தை அவை சரியாக வெளியே தள்ளுவதில்லை. ரத்தத்தில் அது ஏறிக்கொண்டே போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். அதனால் வாழைப்பழம் கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, கீரை கூடாது, இளநீர் கூடவே கூடாது. முதல் மூன்றையும் அவர் சிரித்துக்கொண்டே விட்டார். நான்காவதில்தான் எனக்குச் சந்தேகம். போன முறை ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. "இன்னொரு தடவை இப்படி வந்தா அட்மிட் பண்ண வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"முருகன் மேல சத்தியமா நான் தொடல" என்றார் அப்பா. "அவங்க மிஷினுதான் கோளாறா கீது."

முருகனைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் காகிதங்கள் சிலவற்றைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். "ஸ்பூன்ல எச்சில் துப்புங்கப்பா. நான் இதை முக்குறேன். இந்த வாரத்துல இளநீர் குடிச்சிருந்தா சிவந்துடும்."

முழுப் பொய். யாருடைய எச்சிலிலும் பொட்டாசியம் உண்டு. பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடப்பவரின் எச்சிலிலும் அது சிவக்கும். என் திட்டத்தில் பரிசோதனையே கிடையாது. அப்பா காகிதத்தைப் பார்ப்பார், வேர்ப்பார், ஒப்புக்கொள்வார்.

அப்பா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேர்க்கவில்லை. "மொதல்ல உங்கம்மாவுக்கு வச்சிக் காட்டு. அவ இளநீர் பக்கமே போவாதவ. மஞ்சளாவே நின்னா நம்புறேன்."

ஆய்வகத்தில், பொட்டாசியமே இல்லாத ஒரு மாதிரியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எந்த முடிவையும் நான் நம்புவதில்லை. வீட்டிலும் ஒருவர் அதைக் கேட்பார் என்று மட்டும் தோன்றவில்லை.

அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள். "என்னை ஏன்டி இதுல இழுக்கிற?" என்று கேட்டுக்கொண்டே ஸ்பூனில் துப்பினாள். முக்கினேன். வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்தது.

காகிதம் பழசு, ஈரக்காற்று பட்டுவிட்டது, ஸ்பூன் சரியாகக் கழுவவில்லை என்று காரணங்களை மனதில் அடுக்கினேன். ஒன்றையும் வாய்விட்டுச் சொல்வதற்குள் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வியாழக்கிழம ஒண்ணுதாங்க. கோயிலுக்குப் போயிட்டு வர்ற வழியில. ஒரே வெயிலு. உங்க முன்னாடி குடிக்க மனசு வரல, அதான்..."

"முழுசா ஒண்ணா?" என்றார் அப்பா.

"ம்."

"வழுக்கையோடவா?"

அம்மா தரையைப் பார்த்தாள். "ம்."

அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அடிப்பாவி! நான்கூட பஸ் ஸ்டாண்டாண்ட பாதி குடிச்சிட்டு, உங்க மூஞ்சி ஞாபகம் வந்து மீதிய கீழ ஊத்திட்டு வரேன். நீ வழுக்கையக்கூட வுடலியா!"

அடுப்படியில் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"எப்பப்பா அந்தப் பாதி?" என்றேன்.

"எந்தப் பாதி?" என்றார் அப்பா.

அம்மா இப்போது தலையை நிமிர்த்தியிருந்தாள். "எத்தன பாதி?"

அப்பா மெதுவாக உட்கார்ந்தார். "தெனம் ஒரு பாதி" என்றார், மேசையைப் பார்த்து.

காகிதத்தைப் பற்றிய உண்மையை நான் சொல்லவில்லை. சொல்லுகிற உத்தேசமும் இல்லை. அன்று முதல் இருவரும் இளநீரை விட்டார்கள். ஒருவரை மற்றவர் வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். பாசத்தால் அல்ல, யார் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பார்ப்பதற்கு. காய்கறியை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, பொட்டாசியம் கரைந்து இறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தாள் அம்மா. அப்பா முனகினார், ஆனால் சாப்பிட்டார்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் இறங்கியிருந்தது. அட்மிட் செய்யத் தேவையில்லை என்றார் டாக்டர். "நல்ல கட்டுப்பாடா இருக்கீங்க, பரவாயில்லயே."

"கட்டுப்பாடெல்லாம் இல்ல சார்" என்று என்னைக் காட்டினார் அப்பா. "வூட்ல போலீசு கீது."

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஓர் இளநீர் வண்டி நின்றது. அப்பா நேராக அதனிடம் போனார். "ஒண்ணு வெட்டுப்பா. நல்ல வழுக்கையா."

அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"எனக்கில்லமா. உனக்குத்தான். என் முன்னாடியே குடி."

அவள் ஸ்ட்ராவில் வாயை வைத்தாள். அப்பா எதிரில் நின்று ஒவ்வொரு மிடறையும் கண்ணால் பின்தொடர்ந்தார். கொஞ்சம் குடித்ததுமே அவள் வாயை எடுத்துவிட்டாள். "இந்தாடி, நீயே குடி" என்று என்னிடம் தள்ளினாள். நான் கூச்சமே இல்லாமல் குடித்து முடித்து, காயை இரண்டாகப் பிளக்கச் சொல்லி, வழுக்கையையும் சுரண்டித் தின்றேன்.

அப்பா கடைசிச் சுரண்டல் வரை பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "இவ எச்சில்ல அந்தக் காகிதத்த வச்சா தீப்பிடிச்சிக்கும்."